ட்ரெய்லரின் எலக்ட்ரிக் பிரேக் பிடிக்கவில்லையா? குறையை வரிசையாகக் கண்டுபிடிக்கும் வழி

பிரேக்கை மிதித்தால் பிக்கப் வேகம் குறைகிறது, ஆனால் பின்னால் வரும் கேம்பர் ட்ரெய்லர் முதுகில் தள்ளுகிறது. ட்ரெய்லர் பிரேக்குக்குக் கரண்ட் அனுப்பும் கன்ட்ரோலரில் கெயினை, அதாவது அனுப்பும் அளவை, கூட்டிக்கொண்டே போனாலும் பெரிய மாற்றம் இல்லை. இந்தக் கட்டத்தில் பலர் புதுக் கன்ட்ரோலருக்கு ஆர்டர் போடுகிறார்கள். இன்னும் சிலர் நேராகச் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்துவிடுகிறார்கள். இரண்டுமே கடைசியில் செய்ய வேண்டிய வேலைகள்.

இந்தக் குறை இரண்டு இடத்தில்தான் இருக்க முடியும். சக்கரத்துக்குள் பிரேக்கை இயக்கும் மேக்னெட்டுக்கு (மின்காந்தத்துக்கு) போதிய கரண்ட் வராமல் இருக்கலாம். அல்லது கரண்ட் ஒழுங்காக வந்தும் டிரம்முக்குள் பிடிமானம் இல்லாமல் இருக்கலாம். எது என்பதை ஆம்பியர் அளவு ஒன்றே சொல்லிவிடும். அதை எடுக்கும்வரை எந்தப் பாகமும் வாங்காதீர்கள்.

இங்கே சொல்வது வட அமெரிக்காவில் ஓடும் 12 வோல்ட் எலக்ட்ரிக் டிரம் பிரேக்குக்கு, அதாவது 7 முனை பிளக்கும் இரண்டு ஆக்சிலும் நான்கு பிரேக்கும் உள்ள ட்ரெய்லருக்கு. ஒற்றை ஆக்சில் என்றால் ஆம்பியர் கணக்கைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். ட்ரெய்லர் முன்னோக்கித் தள்ளும் விசையாலேயே இயங்கும் சர்ஜ் பிரேக்குக்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குக்கும் இது பொருந்தாது.

உள்ளே நடப்பது இதுதான். கன்ட்ரோலர் நீல ஒயரில் கரண்ட் அனுப்புகிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் மின்காந்தம் சுழலும் டிரம்மின் உள்முகத்தில் போய் ஒட்டுகிறது. டிரம் அதைச் சுழலும் திசையில் இழுக்கும்போது, அது மாட்டியிருக்கும் கை சாய்ந்து முன் ஷூவை, அதாவது டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த கட்டையை, தள்ளுகிறது. முன் ஷூ பின் ஷூவை நெருக்க, இரண்டும் விரிந்து டிரம்மைப் பிடிக்கின்றன. ஆகவே காந்தத்தின் பலமும் வேண்டும், ஷூ டிரம்முக்கு நெருக்கமாக இருக்கவும் வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் டி.சி. ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர். மலிவான கிளாம்ப் மீட்டர் பலவற்றில் ஏ.சி. ஆம்பியர் மட்டும்தான் அளக்க முடியும். அதை வாங்கி வந்து மாட்டினால் பூஜ்யம் காட்டும், நீங்களும் கரண்டே வரவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆம்பியர் குறிக்குப் பக்கத்தில் நேர்கோடும் அதன் கீழ் புள்ளிக்கோடும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண மல்டிமீட்டரை இடையில் இணைத்து அளக்க முயலாதீர்கள். அதன் ஃபியூஸ் பெரும்பாலும் 10 ஆம்பியர்தான், நான்கு பிரேக்கும் சேர்ந்து அதைத் தாண்டிவிடும்.

வோல்டேஜ் அளக்க மல்டிமீட்டர் தனியாக வேண்டும். கூடவே ட்ரெய்லரின் நீளத்துக்கு எட்டும் ஒரு ஒயர், இரு முனையிலும் கிளிப்போடு. இதன் அவசியம் 6ஆம் பகுதியில் புரியும்.

ஜாக்கி, ஸ்டாண்ட், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, பிரேக் ஸ்பூன் (பிரேக்கைச் சரிசெய்யும் தட்டையான நெம்பி), டார்ச், பிரேக் கிளீனர், முகக்கவசம், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் எடுத்துவையுங்கள். ஜாக்கியை ஆக்சில் குழாயின் நடுவில் வைக்கிற பழக்கம் பலருக்கும் இருக்கிறது. குழாய் லேசாக வளைந்தாலே டயர் ஒருபக்கமாகத் தேய ஆரம்பிக்கும். தூக்குவதும் தாங்குவதும் ட்ரெய்லரின் சட்டத்தில் (ஃபிரேமில்)தான்.

ட்ரெய்லர் பேட்டரியை முதல் நாளே முழுதாக சார்ஜ் செய்து, சார்ஜரை எடுத்துவிட்டு, 12.6 வோல்ட் அளவில் நிற்கிறதா என்று பாருங்கள். பாதி சார்ஜில் எடுத்த அளவுகளை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

2. முதலில் சாலையில் சோதியுங்கள்

காய்ந்த, சமமான, ஆளில்லாத இடத்தில் மணிக்கு 20 முதல் 25 மைல் வேகத்தில் போய், காலை பிரேக்கில் வைக்காமல் கன்ட்ரோலரின் கை லீவரை மட்டும் முழுதாக அழுத்துங்கள். காலால் மிதித்தால் பிக்கப்பின் பிரேக்கும் கலந்துவிடும், ட்ரெய்லரின் பங்கு எவ்வளவு என்று தெரியாது.

ட்ரெய்லர் உங்களைப் பின்னால் பிடித்து இழுப்பது நன்றாகத் தெரிய வேண்டும். பாரம் ஏற்றிய எல்லா ட்ரெய்லரிலும் சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பூட்டவில்லை என்பதே ஒரு குறை அல்ல. லீவரை விட்டதும் வண்டி சட்டென்று விடுபட்டதுபோல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைத்த ட்ரெய்லர் என்றால் டிரம்மின் உள்முகத்தில் துரு படிந்திருக்கும். லீவரை மெதுவாக அழுத்தி அழுத்தி விட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். பல நேரம் பிடிமானம் தானாகத் திரும்பும். ட்ரெய்லர் ஒரு பக்கமாக இழுத்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், எதிர்ப்பக்கச் சக்கரங்களைப் பிறகு கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

3. கன்ட்ரோலரில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

இது இரண்டு நிமிட வேலை. கெயின் குறைந்திருக்கிறதா, பிரேக்கைத் தொடக்கத்திலேயே கூடுதலாகப் போடும் பூஸ்ட் அணைந்திருக்கிறதா, டேஷ்போர்டுக்குக் கீழே மாட்டிய கன்ட்ரோலர் கையேடு சொல்லும் கோணத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வேகம் குறைவதை உணர்ந்து வேலை செய்யும் வகைகள் சிலவற்றுக்கு இந்தக் கோணம் முக்கியம்.

கெயினை உச்சத்தில் வைத்தால்தான் பிடிக்கிறது என்றால் அதைத் தீர்வாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேறெங்கோ இழப்பு இருக்கிறது என்பதற்கான அறிகுறி அது. திரையில் தெரியும் எண்ணையும் நம்பிவிடக் கூடாது. அது கன்ட்ரோலரை விட்டுக் கிளம்பும் அளவு, சக்கரத்துக்குப் போய்ச் சேரும் அளவு வேறு.

4. ஷூ இடைவெளியைச் சரிசெய்யுங்கள்

கேட்டால் எல்லோரும் "அதெல்லாம் சரியாகத்தான் இருக்கும்" என்பார்கள். என் பார்வையில் பலவீனமான பிரேக்குக்கு முதல் காரணம் இதுதான். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடுகிறது. மேக்னெட்டின் கை தன் பயணத்தின் பெரும்பகுதியை அந்த இடைவெளியைக் கடப்பதிலேயே செலவழித்துவிடுகிறது. புது ட்ரெய்லர்கூட விதிவிலக்கல்ல. கையால் சரிசெய்யும் வகைக்கு ஆக்சில் தயாரிக்கும் டெக்ஸ்டர் நிறுவனத்தின் கையேடு முதல் 200 மைலில் ஒரு முறையும், பிறகு 3,000 மைலுக்கு ஒரு முறையும் செய்யச் சொல்கிறது.

எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஒரு பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் தகட்டின் அடிப்பகுதியில் ரப்பர் மூடி போட்ட நீள்துளை ஒன்று இருக்கும். அதற்குள் டார்ச் அடித்தால் ஷூக்களை விரிக்கவும் சுருக்கவும் உதவும், பற்கள் கொண்ட ஸ்டார் வீல் தெரியும்.

ஸ்பூனை நுழைத்துப் பற்களை ஒவ்வொன்றாகத் தள்ளுங்கள், இன்னொரு கையால் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றுங்கள். சுழற்றுவது இறுகினால் சரியான திசை, இல்லையென்றால் எதிர்த்திசையில் தள்ளுங்கள். சக்கரத்தைக் கையால் திருப்புவது கஷ்டமாகும்வரை இறுக்குங்கள். இப்படி முழுதாக இறுக்குவதால்தான் இரண்டு ஷூவும் டிரம்முக்கு நடுவில் சரியாக அமரும்.

இப்போது தளர்த்துங்கள். பாதி சுற்றில் நிற்கும் சக்கரம் இரண்டு மூன்று சுற்று ஓட வேண்டும், லைனிங் டிரம்மைத் தொட்டும் தொடாமலும் "ஸ்ஸ்... ஸ்ஸ்..." என்று லேசாக உரசும் சத்தம் கேட்க வேண்டும். அங்கே நிறுத்துங்கள். சத்தமே இல்லாத அளவுக்குத் தளர்த்துவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. "உரசினால் சூடாகுமே" என்ற பயம்தான் காரணம். லேசான உரசல் சில மைலிலேயே தேய்ந்து அடங்கிவிடும். சக்கரம் திருப்பவே கனமாக இருந்தால்தான் சூட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

தானாகவே சரிசெய்துகொள்ளும் வகையில் ஸ்டார் வீலை ஒரு சிறு லீவர் பிடித்திருக்கும். தளர்த்தும்போது மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் அந்த லீவரைச் சற்று விலக்கிப் பிடிக்க வேண்டும். விலக்காமல் பலவந்தமாகத் திருப்பினால் பற்கள் மழுங்கிவிடும்.

நான்கு சக்கரத்தையும் ஒரே மாதிரி வைத்துவிட்டு, அடுத்த படிக்குப் போகும் முன் மறுபடி சாலையில் சோதியுங்கள். நிறையப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

5. ஆம்பியர் அளவு: திசை சொல்லும் சோதனை

இப்போதும் பலவீனமாக இருந்தால் கிளாம்ப் மீட்டரை எடுங்கள்.

ட்ரெய்லரின் முன்பகுதியில், ஓடும்போது அது பிக்கப்பிலிருந்து கழன்றுவிட்டால் தானாகப் பிரேக் போடும் பிரேக்அவே சுவிட்ச் இருக்கும். அதில் செருகியிருக்கும் பின்னை (ஊசியை) இழுத்தால் ட்ரெய்லர் பேட்டரியிலிருந்து முழு கரண்ட் நேராக நான்கு பிரேக்குக்கும் போகும். சோதனைக்கு இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் பின்னை இழுக்கும் முன் 7 முனை பிளக்கை பிக்கப்பிலிருந்து கழற்றுங்கள். கழற்றாமல் இழுத்தால் பேட்டரியின் கரண்ட் நீல ஒயர் வழியே பின்னோக்கிப் போய் கன்ட்ரோலரைக் கெடுக்கக்கூடும்.

பிரேக்அவே ஒயர் நீல ஒயரோடு சேரும் இடத்தைத் தாண்டி, சக்கரங்களை நோக்கிப் போகும் ஒயரில் மட்டும் கிளாம்பை மாட்டுங்கள். போகும் ஒயரையும் திரும்பும் ஒயரையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்றை ஒன்று ரத்து செய்து பூஜ்யம்தான் வரும். மீட்டரை பூஜ்யப்படுத்திவிட்டு, ஒருவர் பின்னை இழுக்க, பத்துப் பதினைந்து வினாடிக்குள் அளவைக் குறித்துக்கொண்டு பின்னைத் திரும்பச் செருகுங்கள். நீண்ட நேரம் விட்டால் மேக்னெட் சூடாகி அளவும் குறையும், பேட்டரியும் இறங்கும்.

10 அங்குல, 12 அங்குல பிரேக்கின் மேக்னெட் ஒவ்வொன்றும் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும், அதன் மின்தடை சுமார் 3.2 ஓம். நான்கு சேர்ந்தால் 12. பேட்டரி நிலையைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறி இறங்கும், 11 முதல் 14 வரை இருந்தால் நல்ல அளவு என்பேன்.

எண்ணை இப்படிப் படிக்க வேண்டும்:

- 12 ஆம்பியர் அளவில் வருகிறது, சக்கரமும் நன்றாகப் பிடிக்கிறது: ட்ரெய்லரில் குறை இல்லை. பிக்கப், பிளக், முன் கேபிள் ஆகியவற்றைப் பாருங்கள்.
- 12 வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை: மின்சாரத்தில் குறை இல்லை. 7ஆம் பகுதிக்குப் போங்கள்.
- 9 என்றால் ஒரு சக்கரம் செத்திருக்கிறது. 6 என்றால் இரண்டு, பெரும்பாலும் ஓர் ஆக்சில் முழுவதும்.
- 8, 10 என்று மூன்றின் பெருக்கலில் வராமல் குறைவாக வருகிறது: எல்லாம் உயிரோடு இருக்கிறது, வழியில் வோல்டேஜ் தொலைகிறது. 6ஆம் பகுதி.
- 16க்கு மேல், அல்லது எண் குதித்துக்கொண்டே இருக்கிறது: எங்கோ ஒயர் உரசி சட்டத்தைத் தொடுகிறது.

கடைசி வகைக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆக்சில் குழாய்க்குள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடும் ஒயரை. உள்ளே அது தளர்வாகக் கிடக்கிறது, ஒவ்வொரு குலுக்கலுக்கும் இரும்பில் தேய்ந்து மேலுறை போய்விடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அதைப் பழுது பார்ப்பதைவிடப் புது ஒயரைக் குழாய்க்கு வெளியே, பாதுகாப்புக் குழலுக்குள் போட்டு இறுக்கிக் கட்டுவது நல்லது.

எந்தச் சக்கரம் செத்திருக்கிறது என்று அறிய, ஒவ்வொரு சக்கரத்தின் பின் தகட்டிலும் நுழையும் இரண்டு ஒயரில் ஒன்றைக் கிளாம்பால் பிடித்துப் பாருங்கள். 3க்குப் பதில் பூஜ்யம் காட்டுவது எதுவோ அதுதான்.

பிரேக்அவே அளவு சரியாக இருந்தால், பிளக்கை மறுபடி மாட்டி, கெயினை உச்சத்தில் வைத்து, கை லீவரை முழுதாக அழுத்தச் சொல்லி அதே ஒயரில் அளந்து பாருங்கள். இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: பிக்கப்போடு தொழிற்சாலையிலேயே வரும் கன்ட்ரோலர்கள் பல, வண்டி நிற்கும்போது வேண்டுமென்றே குறைந்த கரண்டையே அனுப்பும். அவற்றில் நின்றபடி அளந்துவிட்டு "கன்ட்ரோலர் போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். அதிகபட்ச அளவைப் பிடித்துவைக்கும் மேக்ஸ் பட்டன் மீட்டரில் இருந்தால், அதைக் கட்டிவைத்துவிட்டு மெதுவாக ஓட்டி லீவரை அழுத்துங்கள். இறங்கி வந்து எண்ணைப் பாருங்கள்.

6. வோல்டேஜ் எங்கே தொலைகிறது?

பிளக்கைக் கழற்றி நீல முனையில் மீட்டர் வைத்து, 12 வோல்ட் வருகிறது, ஆகவே ஒயர் சரி என்பது இந்த வேலையில் மிகப் பரவலான தவறு. கரண்ட் ஓடாதபோது, நூல் அளவு பிடித்துக்கொண்டிருக்கும் இணைப்பிலும் 12 வோல்ட் காட்டும். பிரேக் இழுத்துக்கொண்டிருக்கும்போது அளந்தால்தான் இழப்பு வெளியே வரும்.

மல்டிமீட்டரின் ஒரு முனையை நீள ஒயர் மூலம் பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டுங்கள். மறுமுனையை மேக்னெட்டுக்குக் கரண்ட் கொண்டுவரும் ஒயரில் வையுங்கள். பிரேக்அவே பின்னை இழுங்கள். மீட்டர் காட்டுவதுதான் அந்த வழியில் தொலையும் வோல்டேஜ். அடுத்து பேட்டரியின் நெகட்டிவுக்கும் மேக்னெட்டின் கிரவுண்ட் ஒயருக்கும் இடையே இதேபோல் அளங்கள். கிரவுண்ட் பக்கத்தை அளக்காமல் விடுபவர்கள்தான் அதிகம், ஆனால் குறை பாதி நேரம் அங்கேதான் இருக்கும்.

இரண்டும் சேர்ந்து 1 வோல்டுக்குள் இருந்தால் நன்று. 2ஐத் தாண்டினால் ஒயர் வேலை செய்தே ஆக வேண்டும். காந்தத்தின் பலம் கரண்டைப் பொறுத்தது. 12க்குப் பதில் 9 வோல்ட்தான் போய்ச் சேர்கிறது என்றால் கரண்டில் கால் பங்கு போய்விட்டது.

ஒயரின் பருமனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், கேஜ் எண் குறையக் குறைய ஒயர் பருமனாகும். கன்ட்ரோலரிலிருந்து ஆக்சில்வரை 50 அடி, ஓடுவது 12 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 16 கேஜ் ஒயரில் ஒரு வழியில் மட்டும் சுமார் 2.4 வோல்ட் போகும். 14 கேஜில் 1.5. 12 கேஜில் 1க்குச் சற்றுக் குறைவு. 10 கேஜில் 0.6. பழைய ஒயரை மாற்றுவது என்று இறங்கிவிட்டால் 10 கேஜே போடுங்கள், கிரவுண்டையும் அதே பருமனில் ஆக்சில்வரை தனியாகக் கொண்டுபோங்கள். சட்டத்தையும் ஹிட்ச் பந்தையும் நம்பி கிரவுண்டை விடாதீர்கள். கிரீஸும் துருவும் சேர்ந்தால் அந்த வழி ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது.

ஒயரை மாற்றும் முன் இணைப்புகளைப் பாருங்கள். தரைக்குக் கீழே, சக்கரத்துக்குப் பக்கத்தில், மேலுறையைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள்தான் பெரும்பாலும் இருக்கும். மழைநீரும் சாலை உப்பும் அவற்றுக்குள் புகுந்து, திறந்தால் செம்பு பச்சைப் பொடியாக உதிரும். வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே பசை வைத்த, சூட்டில் சுருங்கும் கிரிம்ப் இணைப்பு போடுங்கள். மேக்னெட்டின் இரண்டு ஒயருக்கும் பாசிட்டிவ், நெகட்டிவ் வேறுபாடு கிடையாது, ஒன்று கரண்டுக்கு, மற்றது கிரவுண்டுக்கு. 7 முனை பிளக்கின் தகடுகளிலும் பச்சை பூத்திருக்கிறதா, ஏதாவது வளைந்து தொடாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

7. கரண்ட் சரி, பிடிமானம் இல்லை: இப்போது டிரம்மைத் திறக்கலாம்

திறக்கும் முன் புது கிரீஸ் சீலும் காட்டர் பின்னும் வாங்கி வையுங்கள். கழற்றிய சீலைத் திரும்பப் போட்டால் அடுத்த குறையை நீங்களே மாட்டிவைத்த மாதிரி. தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். முகக்கவசம் போட்டு, கிளீனர் அடித்து நனைத்துத் துடையுங்கள்.

முதலில் தேட வேண்டியது கிரீஸ். ஆக்சில் முனையில் நிப்பிள் வழியே கிரீஸ் ஏற்றும் வகையில், சக்கரத்தைச் சுழற்றாமல் துப்பாக்கியால் வேகமாக அடித்தால் கிரீஸ் பின் சீலைத் தாண்டி டிரம்முக்குள் இறங்கிவிடும். லைனிங் கறுத்துப் பளபளவென்று இருக்கும், விரலால் தொட்டால் வழுக்கும். டிரம்மையும் மேக்னெட் முகத்தையும் கிளீனரால் சுத்தம் செய்துவிடலாம். லைனிங்கைக் காப்பாற்ற முடியாது. துடைத்தால் சுத்தமாகத் தெரியும், முதல் இறக்கத்தில் சூடானதும் உள்ளே ஊறிய கிரீஸ் மேலே வரும். மாற்றிவிடுங்கள்.

லைனிங்கின் கனம் 1/16 அங்குலம், அதாவது சுமார் 1.6 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் கீழ் என்றால் அதன் ஆயுள் முடிந்தது.

மேக்னெட்டின் முகத்தில் நேரான ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தால் கை வளைந்திருக்கலாம் அல்லது அதன் புஷ் தேய்ந்திருக்கலாம். உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பி எட்டிப் பார்த்தால் கேள்வியே இல்லை, மாற்ற வேண்டியதுதான். மின்தடை அளக்கும்போது மீட்டரின் இரண்டு முனையையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். 3.2 ஓமை அளக்கும் இடத்தில் மீட்டர் ஒயரின் 0.3 ஓம் பெரிய பிழை. மாற்றுவதென்றால் ஒரே ஆக்சிலின் இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் ட்ரெய்லர் பக்கவாட்டில் இழுக்கும்.

மேக்னெட் ஒட்டும் டிரம்மின் முகத்தை நகத்தால் வருடுங்கள். ஆழமான கோடுகள் தட்டுப்பட்டால் லேத்தில் சமப்படுத்த வேண்டும், இல்லையென்றால் புது மேக்னெட்டும் சீக்கிரமே அரைந்துபோகும்.

ஷூ, மேக்னெட், ஸ்பிரிங் என்று தனித்தனியாக வாங்குவதைவிட, எல்லாம் பூட்டியே வரும் பின்பக்கத் தகட்டை முழுசாக வாங்குவது பெரும்பாலும் லாபம். நான்கு அல்லது ஐந்து போல்ட், இரண்டு ஒயர், அவ்வளவுதான். ஆனால் இடம், வலம் வேறுவேறு. லைனிங் நீளம் குறைந்த ஷூ வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் கரண்டெல்லாம் சரியாக வந்தும் பிரேக் பலவீனமாகவே இருக்கும்.

8. பூட்டிய பிறகு

பேரிங் நட்டை ஹப்பைச் சுழற்றிக்கொண்டே சுமார் 50 அடி-பவுண்டுக்கு இறுக்கி, பிறகு ஹப்பை அசைக்காமல் தளர்த்தி, விரலால் மட்டும் மறுபடி இறுக்கி, காட்டர் பின்னைப் போடுங்கள். முதல் இறுக்கம் பேரிங்கை இடத்தில் அமரவைக்க மட்டுமே. அப்படியே விட்டால் பேரிங் கருகிவிடும். ஷூ இடைவெளியை 4ஆம் பகுதியில் சொன்னபடி மறுபடி வையுங்கள்.

புது லைனிங் மாட்டிய அன்றே பிரேக் பிடிக்கவில்லை என்று பதறாதீர்கள். அது டிரம்மோடு பழக வேண்டும். 40 மைல் வேகத்திலிருந்து 20க்குக் குறையும்படி 20, 30 முறை பிரேக்கைப் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே ஆற இடைவெளி விடுங்கள். அடுத்தடுத்து போட்டால் லைனிங் கருகிக் கண்ணாடி மாதிரி ஆகி, இருந்ததைவிட மோசமாகும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கெயின். பயணத்துக்குப் போகும் அதே பாரத்தோடு, 25 மைல் வேகத்தில் கை லீவரை அழுத்திப் பார்த்து, சக்கரம் பூட்டும் புள்ளிக்குச் சற்றுக் கீழே வையுங்கள். முன்பு உச்சத்தில் வைத்திருந்த கெயினை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினால், இப்போது சரியாகிவிட்ட பிரேக் முதல் சிக்னலிலேயே டயரைத் தேய்த்துவிடும்.

சக்கர நட்டுகளை டார்க் ரென்சால் உங்கள் ஆக்சில் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, 10, 25, 50 மைலில் நிறுத்தி நிறுத்தி மறுபடி சோதியுங்கள். அந்த நிறுத்தங்களில் ஒவ்வொரு ஹப்புக்கு அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அதில் ஷூ இறுக்கமாக இருக்கிறது, ஸ்டார் வீலை இரண்டு பல் தளர்த்துங்கள். ஒன்று மட்டும் குளிர்ந்தே இருந்தால் கிளாம்ப் மீட்டரோடு அந்தச் சக்கரத்துக்குத் திரும்புங்கள்.